வாந்தி, பேதி, டைபாய்டு, காமாலை: வயிற்றுத் தொற்றுகளைச் சமாளிப்பது எப்படி?

கோவில்பட்டி வட்டாரத்தில் வயிற்றைப் பற்றிக் கூடுதல் கவனம் வேண்டிய பருவங்கள் இரண்டு. சித்திரை, வைகாசியில் தண்ணீர் அரிதாகும். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கிடைத்ததைக் குடிப்போம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். சாக்கடையும் தெருவும் ஒன்றாகும். இரண்டு பருவத்திலும் நோய் வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவர் மலத்தில் வெளியேறிய கிருமி, தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ சோறு வழியாகவோ இன்னொருவர் வாய்க்குப் போய்ச் சேர்கிறது. பாக்டீரியாவானாலும் வைரஸானாலும் பாதை இதுவே.

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால், அது இதுதான்: வாந்திபேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும். கிருமிக்கு மருந்து தேடுவதற்கு முன்னால் போன நீரை ஈடுகட்டுங்கள்.

மண்ணும் குழாயும்

கோவில்பட்டி குடிப்பது தாமிரபரணித் தண்ணீர். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிறது. ஆற்றங்கரையில் சுத்திகரித்து அனுப்பினாலும், வீட்டுக் குடத்தில் விழும்போது அது சுத்தமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு நம் மண்ணும் ஒரு காரணம்.

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கோடையில் நிலத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணுக்குள் புதைந்திருக்கும் குழாய், ஆண்டுதோறும் இந்த இழுப்பையும் அமுக்கத்தையும் தாங்க வேண்டும். இணைப்புகள் நெகிழும், கசியும். நாள் முழுவதும் தண்ணீர் ஓடும் குழாயில் கசிவு வெளியே போகும். நம் ஊர்க் குழாயில் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, வெளியில் தேங்கியிருக்கும் அழுக்கு நீர் அதே ஓட்டை வழியாக உள்ளே வர வழி கிடைக்கிறது. குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சினால் அழுக்கையும் சேர்த்தே உறிஞ்சுகிறோம்.

தண்ணீர் வேகமில்லாத தெருக்களில் குழி தோண்டித் தரைக்குக் கீழே குழாயைத் திறந்து பிடிப்பார்கள். அந்தக் குழிகளில் ஒன்றை எட்டிப் பாருங்கள். அடியில் நாலு விரல் கட்டைக்குத் தண்ணீர் தேங்கியிருக்கும். குழாய் வாய் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே வாறுகால் ஓடும். நிறம், ருசி எதுவும் மாறாமலே அந்தத் தண்ணீரில் கிருமி இருக்கலாம்.

கக்கூஸ் உறிஞ்சுகுழிக்கும் கரிசல் ஒத்துழைக்காது. களிமண் தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். மழைக்காலத்தில் குழி நிரம்பி வாறுகாலுக்கு வரும். குழியும் கிணறு அல்லது ஆழ்துளைக் கிணறும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

எது எப்படி இருக்கும்?

வீட்டில் கிருமியின் பெயரைக் கண்டுபிடிக்க முடியாது, தேவையும் இல்லை. ஆனாலும் அடையாளம் தெரிந்தால் எவ்வளவு அவசரம் என்பது புரியும்.

• ரோட்டா வைரஸ்: பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வரும். முதலில் வாந்தியும் காய்ச்சலும், பிறகு தண்ணீராகப் பேதி. ஒரு வாரம் வரை நீடிக்கலாம்.

• நோரோ வைரஸ்: ஒருவருக்கு வந்த ஓரிரு நாளில் வீடே படுத்துவிடும். பெரியவர்களுக்கும் வரும். ஒன்றிலிருந்து மூன்று நாளில் தானாகவே அடங்கும். கையில் தேய்க்கும் சானிடைசர் இதற்கு அவ்வளவாக வேலை செய்யாது, சோப்புதான் வேண்டும்.

• உணவு நஞ்சு: விருந்து சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே பலருக்கு ஒன்றாக வாந்தி வந்தால், சமைத்து வெளியில் வைத்த உணவில் பாக்டீரியா உண்டாக்கிய நச்சு காரணமாக இருக்கலாம். ஸ்டெஃபிலோகாக்கஸ் விட்ட நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

• ரத்தபேதி: ஷிகெல்லா போன்ற பாக்டீரியாக்கள் குடல் சுவரைப் புண்ணாக்கும். சளியும் ரத்தமும் கலந்து, முக்கி முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்; காய்ச்சலும் இருக்கும். அமீபாவாலும் ரத்தம் போகலாம் என்பதால் மலப் பரிசோதனை அவசியம்.

• காலரா: வலி அதிகம் இல்லாமல், அரிசி கழுவிய தண்ணீர்போல மலம் கொட்டும். பெரியவர் ஒருவர் சில மணி நேரத்தில் பல லிட்டர் நீரை இழந்து மயங்கிவிடலாம். பாட்டி காலத்து நோய் என்று தள்ளிவிட முடியாது. 1992-ல் ஓ139 என்ற புது வகைக் காலராக் கிருமி முதலில் கவனத்துக்கு வந்தது சென்னையில். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று.

முதல் வேலை: உப்பு-சர்க்கரைக் கரைசல்

"ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர்" என்று கேட்பது நம் பக்கத்துப் பழக்கம். நினைவோடு இருந்து குடிக்க முடிகிறவருக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. குடல் கிருமியால் பாதிக்கப்பட்டிருக்கும்போதும் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கொடுத்தால் குடல் சுவர் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கும். கூடவே தண்ணீரும் போகும். வெறும் தண்ணீரிலோ வெறும் குளுக்கோஸ் பொடியிலோ இந்தப் பலன் கிடைக்காது.

இதை உலகுக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் இருந்த அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த கரைசலை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில் இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்தது. அவர் 2022-ல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

கரைக்கும் முறை:

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
2. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் சரியாக ஒரு லிட்டர் எடுங்கள். அளவு தெரியாவிட்டால் கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளக்கலாம்.
3. பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுவதும் கொட்டிக் கரையுங்கள். 200 மில்லிக்கு என்று சிறிய பாக்கெட்டும் விற்கிறார்கள்; எவ்வளவு தண்ணீர் என்று உறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சத்தை எடுத்து ஒரு டம்ளரில் கலக்குவது தவறு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.
4. சீனி, எலுமிச்சை, பால் எதுவும் சேர்க்க வேண்டாம். மறுபடி கொதிக்க வைக்கவும் வேண்டாம்.
5. மூடி வையுங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். தேக்கரண்டி என்பது டீ ஸ்பூன். சாப்பிடும் கரண்டியால் அளந்துவிடக் கூடாது.

கொடுக்கும் அளவு: இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் 50 முதல் 100 மில்லி, இரண்டிலிருந்து பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, அதற்கு மேல் கேட்கும் அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் மறுபடி தொடங்குங்கள். "குடிச்சதெல்லாம் வெளிய வருதே" என்று நிறுத்த வேண்டாம். கரண்டி கரண்டியாகக் கொடுத்தால் பெரும்பகுதி உள்ளே நிற்கும்.

குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பெரியவர்களையும் பட்டினி போட வேண்டியதில்லை. உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர், குழைந்த சோறு, இட்லி எல்லாம் நல்லது. இளநீர் குடிக்கலாம், ஆனால் அதில் சோடியம் குறைவு என்பதால் கரைசலுக்குப் பதிலாகாது. கலர், சோடா, ஜூஸ் டப்பாக்கள் வேண்டாம். அதிக இனிப்பு குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில், உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கடையில் வாங்கும்போது உறையில் அந்த அளவுக் குறிப்பைத் தேடுங்கள்.

குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தினமும் 10 மில்லிகிராம், அதற்கு மேல் ஐந்து வயது வரை 20 மில்லிகிராம். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுங்கள். அடுத்த சில மாதங்களில் மறுபடி பேதி வரும் வாய்ப்பை அது குறைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்.ஸும் துத்தநாகமும் இலவசம்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கோ போங்கள். வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போகலாம்; மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் ஊற்றக் கூடாது.

• ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுக்குப் போகவில்லை
• கண் குழி விழுந்திருக்கிறது; குழந்தை அழுதால் கண்ணீர் வரவில்லை
• வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மடிந்தே நிற்கிறது
• குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கிறது, குடிக்க மறுக்கிறது
• மலத்தில் ரத்தம்
• எது கொடுத்தாலும் வாந்தி
• கழுநீர்போல மலம் நிற்காமல் போகிறது
• விடாத கடும் காய்ச்சல், அல்லது வயிறு கல்போல் இறுகி வலி

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி ஆகியோரை இந்த அடையாளங்கள் வருவதற்கு முன்பே காட்டிவிடுவது நல்லது.

மெடிக்கலில் கேட்டு வாங்கக் கூடாதவை

தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அதனால் "பேதியை உடனே நிறுத்துற மாத்திரை" வேண்டும் என்று மெடிக்கலில் கேட்கிறார்கள். குடல் அசைவைக் கட்டிப்போடும் லோபராமைடு மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் பெரியவர்களுக்கும் ஆகாது. வெளியேற வேண்டிய கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

இரண்டு ஆன்டிபயாட்டிக் கலந்த மாத்திரையை இரண்டு வேளைக்கு வாங்கிப் போட்டுக்கொள்வதும் அப்படித்தான். வைரஸ் பேதிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. அரைகுறையாகப் போட்டால் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். ரத்தபேதி, காலரா, டைபாய்டு ஆகியவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் உண்டு. எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டைபாய்டு

டைபாய்டு பேதியாகத்தான் வரும் என்றில்லை; மலச்சிக்கலாகவும் வரலாம். நாளுக்கு நாள் படி ஏறுவதுபோல் காய்ச்சல் கூடும், தலைவலி இருக்கும், நாக்கில் வெள்ளை படியும், சாப்பாடு இறங்காது. கிருமி உள்ளே போய் ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும் என்பதால் நேற்றுச் சாப்பிட்டதைக் குறைசொல்லிப் பயனில்லை.

சோதனை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் லேபில் காய்ச்சல் என்று போனாலே விடால் சோதனை எடுத்துவிடுகிறார்கள். எப்போதோ வந்துபோன தொற்றும் வேறு சில காய்ச்சல்களும்கூட அதில் 'பாசிட்டிவ்' காட்டும். முதல் வாரத்தில், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் எடுக்கும் ரத்த கல்ச்சர் நம்பகமானது. எந்த மருந்து கேட்கும் என்பதையும் அதுவே சொல்லும். அதை எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சரியான மருந்து தொடங்கிய பிறகும் காய்ச்சல் விட நாலைந்து நாள் ஆகலாம். அதற்குள் மருத்துவரை மாற்ற வேண்டாம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. குணமானவர்களில் சிலர் பித்தப்பையில் கிருமியைச் சுமந்துகொண்டு திரிவார்கள். சமையல் வேலை பார்ப்பவருக்கு டைபாய்டு வந்திருந்தால், மருத்துவர் சரி என்ற பிறகு அடுப்படிக்குப் போகட்டும்.

மஞ்சள் காமாலை

தண்ணீராலும் உணவாலும் பரவும் காமாலைக்குக் காரணம் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ என்ற இரண்டு வைரஸ்கள். வாய் வழியாக உள்ளே போய்க் கல்லீரலைத் தாக்குகின்றன. கண் மஞ்சளாகும் முன்பே பசி போகும், குமட்டும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். சிறு குழந்தைகளுக்கு ஏ வகை வந்தால் மஞ்சள் தெரியாமலே போய்விடுவதும் உண்டு.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் குணமானார்கள் என்று சொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அது இல்லாமலும் குணமாகியிருப்பார்கள். அதற்காக யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். கையில் சூடு போடுவது, கண்ணிலோ மூக்கிலோ சாறு விடுவது ஆகியவற்றைத் தடுத்தே ஆக வேண்டும். உப்பில்லாப் பத்தியமும் பட்டினியும் உடம்பை இன்னும் தளர்த்தும். பசிக்கேற்ப வழக்கமான எளிய உணவு போதும். சாராயம் கூடவே கூடாது. காய்ச்சல் மாத்திரையும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

கர்ப்பிணிக்குக் காமாலை கண்டால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கடைசி மூன்று மாதத்தில் ஈ வகை வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கலாம். யாருக்கானாலும் பேச்சு குழறினாலோ, பகல் இரவு தெரியாமல் தூங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ கல்லீரல் செயலிழக்கிறது என்று பொருள்.

வீட்டுத் தண்ணீர்

• குழாயில் முதலில் வரும் தண்ணீரைச் சில நிமிடம் வேறு வேலைக்குப் பிடியுங்கள். குடிநீர் அதற்குப் பிறகு.

• குழிக்குழாய் இருந்தால் குழியில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். ஹோஸ் நுனி தரையில் கிடக்கக் கூடாது.

• குடிக்கும் தண்ணீரைத் தனியாக, குழாய் வைத்த மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள். குழாய் இல்லையென்றால் நீளக் கைப்பிடி உள்ள கரண்டியால் மொள்ளுங்கள். டம்ளரோடு விரலும் தண்ணீரில் முங்கும் பழக்கம், சுத்தமான தண்ணீரையும் கெடுத்துவிடும்.

• நன்றாகக் கொப்பளித்துக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும். ஆறியதை அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள்.

• காய்ச்ச விறகோ கேஸோ கட்டுப்படியாகாதவர்களுக்குக் குளோரின் மாத்திரை. 0.5 கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு. போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். சம்ப் அல்லது தொட்டி என்றால் 1000 லிட்டருக்கு 4 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர். ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். லேசான மருந்து வாடை அடித்தால் அது நல்ல அறிகுறி.

• ஊருணித் தண்ணீரைத் தேத்தாங்கொட்டை தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த பிறகு காய்ச்சியோ குளோரின் போட்டோதான் குடிக்க வேண்டும்.

• 20 லிட்டர் கேன் தண்ணீரில் உப்பு நீங்கியிருக்கும், குளோரினும் இருக்காது. அதனால் கேன் வாயிலோ, ஊற்றும் பானையிலோ அழுக்கு இருந்தால் கிருமி தடையில்லாமல் பெருகும். பானையை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்.

சோறும் கையும்

சமைத்த சோற்றை வெளியில் நாள் முழுக்க வைக்காதீர்கள். பழைய சோற்றுக்கு ஊற்றும் தண்ணீர் காய்ச்சியதாக இருக்கட்டும்; காலையிலேயே குடித்து முடித்துவிடுங்கள். தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்குத் தாங்காது. செண்பகவல்லியம்மன் கோவில் பங்குனித் திருவிழா போன்ற கூட்டங்களில் நீர்மோர், பானகம் கொடுப்பவர்கள் எந்த ஐஸைப் போடுகிறார்கள் என்று பாருங்கள். மீன் பெட்டிக்கான ஐஸ் குடிக்க ஆகாது.

ஷவர்மா நம் ஊருக்கும் வந்துவிட்டது. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி இறந்தபோது ஷிகெல்லா கண்டறியப்பட்டது. மேலே வெந்து உள்ளே வேகாத கறி ஆபத்து. பச்சை முட்டை மயோனைஸும் அப்படியே; தமிழக அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடை போட்டது.

கை கழுவ வேண்டிய நேரங்கள்: கக்கூஸ் போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு, சமைக்கும் முன், சாப்பிடும் முன், ஊட்டும் முன். குழந்தை மலம் ஆபத்தில்லாதது என்ற எண்ணம் தவறு. அதையும் கக்கூஸில்தான் கொட்ட வேண்டும்.

தடுப்பு மருந்து

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து தமிழகத்தில் 2017 முதல் அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. குழந்தைக்கு 6, 10, 14-ஆவது வாரங்களில் மற்றத் தடுப்பூசிகளோடு வாய்வழியாகத் தருவார்கள். இந்த மருந்து உருவானதில் வேலூர் சி.எம்.சி.யின் ககன்தீப் காங் போன்றோரின் ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மாவிடம் அட்டையைக் காட்டி, தவணை விட்டுப்போயிருக்கிறதா என்று கேளுங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளைத் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

தெருவில் பரவினால்

ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே வாரத்தில் பேதியோ காமாலையோ கண்டால், அவரவர் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. நகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கோ, ஊராட்சிக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள், 104-லும் தெரிவிக்கலாம். சொல்லும்போது நான்கு விவரங்கள் கையில் இருக்கட்டும்: எந்தெந்த வீடு, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தக் குழாய் அல்லது எந்தத் தொட்டித் தண்ணீர், எங்கே குழாய் உடைந்து சாக்கடையைத் தொடுகிறது. குழாய் முனையில் குளோரின் எவ்வளவு நிற்கிறது என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். 1939-லேயே வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி சுத்தமான குடிநீருக்கு ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் கடமை. ஆகவே மனுவாக எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.